தள்ளிப்போனதா, நின்றே போனதா?

தேர்வு ஒத்திவைப்பு, வழக்கு ஒத்திவைப்பு, சட்டசபை ஒத்திவைப்பு. தமிழில் மூன்றுக்கும் ஒரே சொல் போதும். ஆங்கிலத்தில் ஒரே சொல் போதாது.

போஸ்ட்போன்: இன்னும் தொடங்காத ஒன்றை வேறு நாளுக்குத் தள்ளிவைப்பது. லத்தீனில் 'போஸ்ட்' என்றால் பிறகு, 'போனெரே' என்றால் வைப்பது. தேர்வு, கல்யாணம், கிரிக்கெட் மேட்ச் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பேச்சில் 'புட் ஆஃப்' என்பார்கள்.

அட்ஜர்ன்: கூட்டம், விசாரணை போன்றவற்றை நிறுத்தி, பிறகு தொடர்வது. நாள் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல் இதற்குள் இருக்கிறது. ஜர்னல், ஜர்னி ஆகியவையும் அதே குடும்பம்தான். 'அட்ஜர்ன்டு சைனி டை' என்றால் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு. கல்யாணத்துக்கு இந்தச் சொல் வேண்டாம்!

கேன்சல்: ரத்து. பழைய நாளில் பத்திரத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு அடிப்பார்கள். கம்பி வலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது இது. கேன்சல் ஆன தேர்வுக்கு மறுதேதி வரும் என்று நம்பியிருக்க முடியாது.

டிஃபர்: போஸ்ட்போனின் அலுவலக வடிவம். கடன் தவணை, கல்லூரி அட்மிஷன், வேலையில் சேரும் நாள் ஆகியவற்றுக்கு வரும். 'ஜாயினிங் டேட் டிஃபர்டு' என்று கடிதம் வந்தால் வேலை போய்விட்டது என்று கலங்க வேண்டியதில்லை. சேரும் நாள்தான் தள்ளிப்போயிருக்கிறது. 'ஆஃபர் வித்ட்ரான்' என்றால்தான் வேலையே இல்லை. ஆனால் 'அன்டில் ஃபர்தர் நோட்டீஸ்' என்று சேர்ந்திருந்தால் கவனம் தேவை. மறு அறிவிப்பு எப்போது வரும் என்று அதில் இருக்காது. புதிய தேதியை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. அதுவரை பார்க்கும் வேலையை விட வேண்டாம்.

டேபிள்: இது பொல்லாத சொல். பிரிட்டனில் ஒன்றை 'டேபிள்' செய்தால் விவாதத்துக்கு எடுப்பதாகப் பொருள். அமெரிக்காவிலோ இப்போதைக்கு ஓரம்கட்டுவது. இரண்டாம் உலகப்போரின்போது, அவசரமான ஒரு குறிப்பை டேபிள் செய்ய வேண்டும் என்றது பிரிட்டிஷ் தரப்பு. கூடாது என்றது அமெரிக்கத் தரப்பு. நெடுநேரம் சூடாக வாதிட்ட பிறகுதான், இருவர் விருப்பமும் ஒன்றே என்று தெரிந்ததாம். சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

ப்ரீபோன்: முன்கூட்டியே நடத்துவது. இந்தியாவில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதும்போது 'ப்ரிங் ஃபார்வர்ட்' பாதுகாப்பானது. அதோடு புதிய தேதியையும் எழுதிவிட்டால் குழப்பமே இல்லை.