காலத்தின் மேல் பழி போடாதீர்கள்

'அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். இன்றைய அளவுகோலை வைத்து அன்றைய மனிதர்களை அளக்கலாமா?' அமெரிக்காவின் இன ஒதுக்கலைப் பற்றிப் பேச்சு வந்தால், நல்லெண்ணம் உள்ளவர்கள்கூட இப்படிக் கேட்கிறார்கள். கேட்க நிதானமான வாதமாக இருக்கிறது. ஆனால் அது நடந்த வரலாற்றுக்கே விரோதமானது. கறுப்பின மக்களை ஒதுக்கிவைக்கச் சட்டம் போட்ட ஒவ்வொரு கட்டத்திலும், அது தவறு என்றும் ஏன் தவறு என்றும் அதே நாட்டில், அதே ஆண்டுகளில், ஆட்சியாளர் காதில் விழும்படி சொன்னவர்கள் இருந்தார்கள். கேட்டுவிட்டுத்தான் செய்தார்கள்.

லூயிசியானா மாநிலம் 1890இல் ஒரு சட்டம் போட்டது. ரயிலில் வெள்ளையருக்கு ஒரு பெட்டி, கறுப்பருக்கு வேறு பெட்டி. மாறி உட்கார்ந்தால் 25 டாலர் அபராதம், அல்லது 20 நாள் சிறை. ஊரே மனமொப்பி நடந்த வழக்கம் என்றால் அபராதம் எதற்கு, சிறை எதற்கு? அடுத்த ஆண்டே நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின, கலப்பினக் குடிமக்கள் குழு அமைத்து, வழக்கு நடத்த நன்கொடை திரட்டினார்கள். 1892 ஜூன் 7 அன்று, ஹோமர் பிளெஸ்ஸி என்ற காலணி தைக்கும் தொழிலாளி, குழுவின் திட்டப்படி வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்து கைதானார். ரயில் கம்பெனிக்கு முன்பே விஷயம் தெரியும். கூடுதல் பெட்டி இழுக்கும் செலவு தன் தலையில் விழுவதால் அதற்கும் அந்தச் சட்டம் கசந்தது.

1896இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. பெரும்பான்மை நீதிபதிகள் துணைக்கு எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று, 1850இல் வந்த பாஸ்டன் தீர்ப்பு. சாரா ராபர்ட்ஸ் என்ற கறுப்பினச் சிறுமியை அருகிலிருந்த வெள்ளையர் பள்ளியில் சேர்க்க மறுத்தது சரி என்று சொன்ன தீர்ப்பு அது. அந்தக் குழந்தைக்காக வாதாடியவர்கள் சார்லஸ் சம்னரும், கறுப்பின வழக்கறிஞர் ராபர்ட் மாரிஸும். பிள்ளைகளைப் பிரித்துவைப்பதே அவர்களை இழிவுபடுத்துவதுதான் என்று அன்றே அவர்கள் நீதிமன்றத்தில் வாதாடியாயிற்று. வழக்கில் தோற்றார்கள், ஆனால் 1855இல் பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலம் பள்ளிகளில் இன ஒதுக்கலைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. அந்த மாநிலமே 41 ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட ஒன்றைத்தான் நீதிபதிகள் 1896இல் சான்றாகக் காட்டினார்கள். இதையா காலத்தின் குற்றம் என்பது?

அதே அமர்வில் நீதிபதி ஜான் ஹார்லன் தனியாளாக மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். கறுப்பரை விலக்கிவைப்பதுதான் சட்டத்தின் நோக்கம், இது தெரியாதவர் யாருமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். கென்டக்கியில், அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். மகானாகவும் இல்லை; அதே தீர்ப்பில் சீனரைப் பற்றி இழிவாகவும் எழுதியிருக்கிறார். உண்மை கண்ணில் பட மகானாக இருக்க வேண்டியதில்லை என்பதற்காகவே அவரைச் சொல்கிறேன்.

ஐடா பி. வெல்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டென்னசியில் பள்ளி ஆசிரியையாக இருந்த இளம்பெண். பெண்களுக்கான பெட்டியை விட்டு எழுந்து போகும்படி கண்டக்டர் பிடித்து இழுத்தபோது, அவன் கையைக் கடித்தார். பிறகு ரயில் கம்பெனி மீது வழக்குப் போட்டு, 1884இல் 500 டாலர் இழப்பீடும் வென்றார். 1887இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைப் பறித்தது. 1892இல் மெம்ஃபிஸ் நகரத்தில் மளிகைக்கடை நடத்திவந்த அவருடைய நண்பர் தாமஸ் மாஸையும் இன்னும் இருவரையும் வெள்ளையர் கும்பல் சிறையிலிருந்து இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றது. எதிரிலிருந்த வெள்ளையர் கடைக்கு அவர்கள் கடை போட்டியாக இருந்தது. அதற்குள் பத்திரிகையாளராகிவிட்ட வெல்ஸ் தன் பத்திரிகையில் எழுதினார்: வெள்ளைப் பெண்களின் மானம் காக்கவே கும்பல் கொலைகள் நடக்கின்றன என்பது பொய். கும்பல் அவருடைய அலுவலகத்தை அடித்து நொறுக்கியது. வெளியூரில் இருந்ததால் அவர் உயிர் தப்பியது. அதன்பிறகும் அவர் ஓயவில்லை. கும்பல் கொலைகளின் கணக்கை வெள்ளையர் பத்திரிகைகளிலிருந்தே எடுத்துத் தொகுத்தார்; கறுப்பர் மிகைப்படுத்துகிறார்கள் என்று எவரும் தட்டிக்கழிக்க முடியாதபடி. இங்கிலாந்துக்கும் போய் மேடைமேடையாகப் பேசினார். அலுவலகத்தை உடைத்தவர்களுக்கு அவர் சொல்வது புரியாமலா உடைத்தார்கள்?

வெள்ளை எழுத்தாளர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. நியூ ஆர்லியன்ஸ் நாவலாசிரியர் ஜார்ஜ் வாஷிங்டன் கேபிள், உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் படையில் இருந்து சண்டை போட்டவர். 1885இல் அவர் கறுப்பருக்குச் சம உரிமை கேட்டுக் கட்டுரை எழுதினார். தென்னாட்டுப் பத்திரிகைகள் துரோகி என்று தூற்றின. அவர் குடும்பத்தோடு வடக்கே குடியேறிவிட்டார்.

'இவர்கள் விதிவிலக்குகள், பெரும்பான்மை அப்படி நினைக்கவில்லையே' என்பார்கள். எந்தப் பெரும்பான்மை? 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மிசிசிப்பியிலும் தென் கரோலினாவிலும் பாதிக்கு மேற்பட்ட மக்கள் கறுப்பினத்தவர். 'அந்தக் காலத்து மனிதர்கள்' என்று சொல்லும்போது இவர்களை நாம் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இந்த வாதத்தில் என்னை மிகவும் கோபப்படுத்துவது இதுதான். அவர்களுடைய கருத்து என்ன என்பது ஆட்சியாளருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் ஓட்டைப் பறித்தார்கள். லூயிசியானாவில் 1896இல் வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பினத்தவர் 1,30,334 பேர். 1904இல் 1,342 பேர். ஓட்டுப் போன பிறகும் மக்கள் அடங்கிவிடவில்லை. 1900 முதல் 1906 வரை தென்மாநிலங்களில் 25க்கும் மேற்பட்ட நகரங்களில் கறுப்பின மக்கள் டிராம்களைப் புறக்கணித்து நடந்தே வேலைக்குப் போனார்கள். அவற்றில் மான்ட்கமரியும் ஒன்று. அதே நகரத்தில் ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் வெள்ளையருக்காக எழுந்திருக்க மறுத்தது, அந்தப் புறக்கணிப்பு தொடங்கி 55 ஆண்டுகளுக்குப் பிறகு.

கடைசியாக, இந்தச் சாக்கை அடிக்கடி பெறும் ஒருவர்: உட்ரோ வில்சன். சரித்திரப் பேராசிரியர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவர், பிறகு ஜனாதிபதி. 1913இல் அவர் பதவியேற்றதும் வாஷிங்டன் மத்திய அரசு அலுவலகங்களில், அதுவரை வெள்ளையரோடு வேலை பார்த்த கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரிப்பது பரவியது. அடுத்த ஆண்டு அரசு வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் புகைப்படம் ஒட்ட வேண்டும் என்ற விதியும் வந்தது. 1914 நவம்பரில் பாஸ்டன் பத்திரிகையாசிரியர் வில்லியம் மன்றோ ட்ராட்டர் ஒரு குழுவோடு வெள்ளை மாளிகைக்கே போய் நேருக்கு நேர் கேட்டார். ஹார்வர்டில் படித்தவர், 1912 தேர்தலில் வில்சனுக்கு ஆதரவு கேட்டுப் பிரசாரம் செய்தவர். பிரித்துவைப்பது உங்கள் நன்மைக்குத்தான் என்றார் வில்சன். அது அவமானம் என்று ட்ராட்டர் எதிர்த்துப் பேசினார். உங்கள் தொனி சரியில்லை, அடுத்தமுறை வேறு ஆளைப் பேச அனுப்புங்கள் என்று சொல்லி ஜனாதிபதி அவர்களை அனுப்பிவைத்தார்.

2020இல் பிரின்ஸ்டன் தன் பொதுக்கொள்கைப் பள்ளியிலிருந்து வில்சனின் பெயரை நீக்கியது. இன்றைய அளவுகோலால் பழையவரைத் தண்டிப்பதா என்று அப்போதும் கேட்டார்கள். அந்த அளவுகோலை 1914லேயே ட்ராட்டர் அவர் முகத்துக்கு நேரே வைத்தாயிற்று. ஒருவர் மேஜைக்கு இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். இருவருக்கும் ஒரே காலம்தான்.