கோடீஸ்வரர் வேஷத்தில் ஒரு சம்பந்தி

'காதலிக்க நேரமில்லை' படத்தை டி.வி.யில் எத்தனை தடவை போட்டாலும் அலுக்கிறதா சொல்லுங்கள்! 1964-ல் ஸ்ரீதர் எடுத்த கலர்ப் படம். ரவிச்சந்திரனுக்கும் காஞ்சனாவுக்கும் அதுதான் முதல் படம். நாகேஷ், பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லுகிற கட்டம் வந்தால் பொடிசுகள் முதல் பாட்டி வரைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ஆனால் சகோதரிகளே, சிரித்து முடித்துக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெண்ணைக் கல்யாண வயசில் வைத்திருக்கிறவர்களுக்கு அந்தச் சிரிப்புக்குள்ளே பெரிய விஷயமே இருக்கிறது.

பணக்கார எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாக பாலையா. பட்டணத்தில் படித்து முடித்த இரண்டு பெண்கள். பெரிய இடமாகப் பார்த்துத் தள்ளிவிட வேண்டும் என்பதுதான் அவர் கவலை. அவரிடம் வேலை பார்த்து, வேலை போன ஏழைப் பையன் அசோக், வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் போட்டு வேலை கேட்டுப் போராடுகிறான். முதலாளி கண்ணுக்கு அவன் தொல்லை. ஆனால் "இவன் கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளை" என்று தெரிந்ததோ இல்லையோ, அதே பையன் 'மாப்பிள்ளை' ஆகிவிடுகிறான். கோடீஸ்வர அப்பா யார் என்கிறீர்கள்? அசோக்கின் சிநேகிதன் வாசுதான், கிழவர் வேஷம் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான்! முத்துராமன் அதில் அடிக்கிற கூத்தை மறக்க முடியுமா?

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? மகள் நிர்மலா அசோக்கை விரும்பியது, அவன் வேலையில்லாமல் கூடாரத்தில் கிடந்தபோது. அவளுக்குப் பொய் தேவைப்படவில்லை. பொய் தேவைப்பட்டது அப்பாவுக்குத்தான். "பையன் எப்படி, குணம் எப்படி" என்று கேட்டிருந்தால் வேஷத்துக்கே வேலை இல்லை. "சொத்து எவ்வளவு?" என்று கேட்டார், அதற்குத் தகுந்த பதில் வேஷம் கட்டிக்கொண்டு வந்தது. சொந்தப் பிள்ளை செல்லப்பாவோ ஒரு வேலைக்கும் போகாமல் 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு, படமெடுக்க அப்பாவிடமே பணம் கேட்டுத் திரிகிறான். பணக்கார வீட்டுப் பிள்ளை எப்படி இருப்பான் என்பதற்கு அத்தாட்சி வீட்டுக்குள்ளேயே இருந்தும் மனுஷனுக்கு உறைக்கவில்லையே!

இந்த வேடிக்கை நமக்கு மட்டும் சொந்தமில்லை. வெள்ளைக்காரர்கள் 1954-ல் 'தி மில்லியன் பவுண்ட் நோட்' என்று ஒரு படம் எடுத்தார்கள். மார்க் ட்வைன் கதை, கிரிகரி பெக் கதாநாயகன். லண்டனில் கையில் காலணா இல்லாமல் நிற்கிற அமெரிக்கன் ஒருவனிடம், இரண்டு பணக்கார சகோதரர்கள் பந்தயம் கட்டி, பத்து லட்சம் பவுண்டுக்கு ஒரே நோட்டாகக் கொடுக்கிறார்கள். அதற்கு யாராலும் சில்லறை தர முடியாது. ஆனாலும் அதைக் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் ஊரே அவனுக்கு ஓசியிலும் கடனிலும் எல்லாம் கொடுக்கிறது. நோட்டைக் காணோம் என்று பேச்சுக் கிளம்பியதும் அதே கூட்டம் சண்டைக்கு வருகிறது. சீமையானால் என்ன, சின்னமலையானால் என்ன, மனுஷ புத்தி ஒன்றுதான்.

எங்கள் தேவனாம்பட்டினத்தில் எஸ்டேட் இல்லை, பங்களா இல்லை. இங்கே சம்பந்தம் பேச வருகிறவர்கள் கேட்பது, "படகு சொந்தமா, பங்கா?" என்பதுதான். போன மாதம் என் மகளுக்கு ஒரு இடம் வந்தது. எங்களுடையது என் கொழுந்தனாரோடு பங்குப் படகு. தரகர் அம்மாள் காதோடு சொன்னார்: "சொந்தப் படகுன்னே சொல்லிடுங்கக்கா. தாலி ஏறிட்டா யாரு வந்து பாக்கப் போறா?" என் வீட்டுக்காரரும் தலையை ஆட்டினார். பெண்ணுக்கு இருபத்து நாலு ஆகிறதே என்கிற பயம் அவருக்கு.

நான் சொன்னேன்: "ஏங்க, படத்துல வேஷம் கலைஞ்சா எல்லாரும் சிரிச்சிட்டு எழுந்து போயிடுவாங்க. இங்க கலைஞ்சா நம்ம பொண்ணுதானே அந்த வீட்ல குனிஞ்சு நிக்கணும்?"

என் மாமியார் அதுவரை வாய் திறக்காமல் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "2004-ல சுனாமி வந்தப்ப, சொந்தப் படகா பங்குப் படகான்னு கடலு கேட்டுச்சாடா?" என்றார் மகனைப் பார்த்து. அந்த டிசம்பர் 26-க்குப் பிறகு படகு வைத்திருந்தவர், கூலிக்குப் போனவர் எல்லாரும் ஒரே வரிசையில் நிவாரணத்துக்கு நின்றது அவர் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை. இவர் மறுபேச்சுப் பேசவில்லை.

வந்தவர்களிடம் பங்குப் படகு என்றே சொன்னோம். காபி குடித்துவிட்டு, "கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்று போனார்கள். இன்னும் தகவல் இல்லை. மகள் மட்டும் அன்று ராத்திரி, "நல்லவேளைம்மா" என்றாள்.

ஆகவே சகோதரிகளே, வரன் பார்க்கும்போது வீட்டையும் வண்டியையும் பார்ப்பது தப்பில்லை. அதோடு, பையன் என்ன வேலை செய்கிறான், கடன் உண்டா, அம்மாவிடம் எப்படிப் பேசுகிறான் என்று அக்கம்பக்கத்தில் நாலு பேரை விசாரியுங்கள். உங்கள் பக்கத்து நிலவரத்தையும் உள்ளபடி சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பெண்ணை ஒரு வார்த்தை கேளுங்கள். பாலையா கேட்காமல் விட்டது அதைத்தான்.