டிவி-யில் 'நோ சிக்னல்'... வானத்தில் இடம் மாறும் செயற்கைக்கோள்கள்: தருமபுரி மலைக்கு யார் தகவல் சொல்வது?

மழை இல்லை. கரன்ட் இருக்கு. ரீசார்ஜும் முடியலை. ஆனாலும் டிவி-யில் 'நோ சிக்னல்'. இந்த மாதிரி நேரத்தில் நாம் முதலில் செய்வது, செட்-டாப் பாக்ஸை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது. அடுத்து, மாடியில் காக்கா உட்கார்ந்து டிஷ்ஷை அசைத்துவிட்டதா என்று பார்ப்பது. கோளாறு சுமார் 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது.

ஆனால் தமிழ்நாட்டில் அப்படி ஒரு நாள் வந்திருக்கிறது. அடுத்த முறை அது திடீரென்று வராமல் பார்த்துக்கொள்ள முடியும். அதற்குச் செய்ய வேண்டியவற்றில் பாதி ராக்கெட் சம்பந்தப்பட்டது. மீதிப் பாதி, நேரத்துக்குத் தகவல் சொல்வது.

2010 ஜூலை 7: என்ன நடந்தது?

இன்சாட்-4பி என்பது 2007 மார்ச்சில் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் இருந்து ஏரியன்-5 ராக்கெட்டில் ஏவப்பட்ட இந்திய செயற்கைக்கோள். 93.5 டிகிரி கிழக்கு என்ற இடத்தில் நின்று, தூர்தர்ஷனின் இலவச டிடிஎச்சையும் சன் டைரக்ட்டையும் சுமந்துகொண்டிருந்தது. 2010 ஜூலை 7 அன்று அதன் இரண்டு சூரிய மின்தகடுகளில் ஒன்றிலிருந்து மின்சாரம் வருவது தடைபட்டது. வேறு வழியில்லாமல் பாதி டிரான்ஸ்பாண்டர்களை இஸ்ரோ அணைத்துவிட்டது. டிரான்ஸ்பாண்டர் என்றால், கீழிருந்து வரும் சிக்னலை வாங்கி மீண்டும் பூமிக்குத் திருப்பி அனுப்பும் கருவி.

சன் டைரக்ட் சேவை முடங்கியது. அந்த நிறுவனம் 91.5 டிகிரி கிழக்கில் இருந்த மலேசியாவின் மீசாட்-3 செயற்கைக்கோளுக்கு மாறியது. 93.5-க்கும் 91.5-க்கும் வித்தியாசம் வெறும் இரண்டு டிகிரிதான். ஆனால் அந்த இரண்டு டிகிரிக்காக ஒவ்வொரு வீட்டு மாடியிலும் ஒருவர் ஏறி டிஷ்ஷைத் திருப்ப வேண்டியிருந்தது. 2006-ல் தொடங்கிய அரசின் இலவச கலர் டிவி திட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. பல வீடுகளில் டிவி என்பதே புதுசு.

செயற்கைக்கோள் எப்படி ஒரே இடத்தில் 'நிற்கிறது'?

உண்மையில் அது நிற்பதில்லை. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் ஓடுகிறது. அந்த உயரத்தில் ஒரு சுற்று முடிக்க ஆகும் நேரமும், பூமி தன்னைத்தானே சுற்ற ஆகும் நேரமும் ஒன்றுதான். அதனால் நம் மாடியில் இருந்து பார்த்தால் அது அசையாமல் இருப்பதுபோலத் தெரிகிறது.

ஆனால் சந்திரனும் சூரியனும் அதைச் சும்மா விடுவதில்லை. அவற்றின் ஈர்ப்பு, பூமி சரியான உருண்டையாக இல்லாதது எல்லாம் சேர்ந்து செயற்கைக்கோளை மெல்ல மெல்ல இடம் தள்ளும். அதைச் சரிசெய்ய, சிறு இன்ஜின்களை அடிக்கடி இயக்க வேண்டும். அதற்கு எரிபொருள் வேண்டும். செயற்கைக்கோளின் ஆயுளைப் பெரும்பாலும் முடிவு செய்வது இந்த எரிபொருள்தான். டேங்க் காலியாவதற்குள் கடைசி சொட்டுகளை வைத்து, அதை சில நூறு கிலோமீட்டர் மேலே தள்ளி ஓய்வு கொடுத்துவிடுவார்கள். இன்சாட்-4பி-யும் பாதி பலத்தோடு பல ஆண்டுகள் உழைத்துவிட்டு, 2022 ஜனவரியில் அப்படித்தான் விடைபெற்றது.

இடம் மாற்றுவதும் இதே கணக்குதான். சுற்றுப்பாதையைக் கொஞ்சம் இறக்கினால் செயற்கைக்கோள் பூமியைவிட வேகமாகச் சுற்றி கிழக்கே நகரும். கொஞ்சம் ஏற்றினால் பின்தங்கி மேற்கே நகரும். சுமார் 78 கிலோமீட்டர் ஏற்றினாலோ இறக்கினாலோ ஒரு நாளைக்கு ஒரு டிகிரி நகரும். அந்த உயரத்தில் ஒரு டிகிரி என்றால் சுமார் 736 கிலோமீட்டர்! சேர வேண்டிய இடம் வந்ததும் பழைய உயரத்துக்கே கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

ஏன் இடம் மாற்றுகிறார்கள்?

ஒன்று, புதுசு வந்தால் பழசு இடம் விட வேண்டும். 2011-ல் ஏவப்பட்ட ஜிசாட்-12 இதற்கு நல்ல உதாரணம். தொலைக்கல்வி, தொலை மருத்துவம், கிராம வள மையங்கள் ஆகியவற்றுக்காக 83 டிகிரி கிழக்கில் இருந்த இது, 2020 டிசம்பரில் சிஎம்எஸ்-01 ஏவப்பட்ட பிறகு சுமார் 48 டிகிரிக்கு நகர்த்தப்பட்டது. 2023 மார்ச்சில் ஓய்வு பெற்றது.

இரண்டு, விண்வெளியிலும் பட்டா பிரச்னை உண்டு. எந்த நாடு எந்த டிகிரியில் எந்த அலைவரிசையைப் பயன்படுத்தலாம் என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பதிவேட்டில் இருக்கிறது. ஓர் இடத்தை நீண்ட காலம் சும்மா போட்டுவைத்தால் உரிமை போய்விடும். மூன்று ஆண்டுகள் வரைதான் நிறுத்திவைக்க அனுமதி. அதனால், இருக்கிற ஒன்றை நகர்த்திக் கொண்டுபோய் 'இடம் பிடித்து' வைப்பதும் உலக நாடுகள் செய்வதுதான்.

மூன்று, கோளாறு. 2010-ல் நாம் பார்த்தது அது. அப்போது மாறியது செயற்கைக்கோள் இல்லை, சேவை. ஆனால் மாடியில் ஏறுபவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

தருமபுரி மாடியில் இருந்து பார்த்தால்...

தருமபுரியில் நின்று 93.5 டிகிரி கிழக்கு செயற்கைக்கோளைப் பார்க்க வேண்டுமென்றால், காம்பஸில் சுமார் 127 டிகிரி, அதாவது தென்கிழக்கைப் பார்த்து நிற்க வேண்டும். தரையில் இருந்து 67 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட உச்சி. 91.5-க்கு மாறினால் காம்பஸ் 131-க்கும், உயரம் 69-க்கும் போகும். கேட்க சின்ன மாற்றமாகத் தெரியும். ஆனால் வீட்டு டிஷ்ஷின் பார்வை மிகக் குறுகலானது. இரண்டு டிகிரி விலகினாலே படம் போய்விடும்.

அந்த 67 டிகிரியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. செயற்கைக்கோள் இவ்வளவு உயரத்தில் இருப்பதால் மலை குறுக்கே வருவதில்லை. கேபிள் இழுக்க முடியாத, செல்போன் டவரின் சிக்னல் மலைக்குப் பின்னால் மறைந்துபோகிற இடத்திலும் டிஷ் வேலை செய்யும். சித்தேரி, வத்தல்மலை, பென்னாகரம் பக்கத்து மலைக் கிராமங்களுக்கு டிஷ் முக்கியமானது இதனால்தான். 2021 சட்டமன்றத் தேர்தலுக்குக்கூட வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போன கோட்டூர் மலை இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்த மாதிரி ஊருக்கு ஒரு டிஷ் மெக்கானிக் வந்து போவது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

டவுனில் கேபிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கேபிளுக்கும் சேனல் வருவது செயற்கைக்கோள் வழியாகத்தான். ஆனால் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் பெரிய டிஷ்ஷை ஒருவர் திருப்பினால் போதும், ஊருக்கே படம் வந்துவிடும். மலையில் ஒவ்வொரு வீடும் தனித்தனி கட்டுப்பாட்டு அறை.

'பழைய ஆன்டெனா போதுமே' என்று திரும்பிப் போகவும் வழியில்லை. தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் ஒளிபரப்பு நிலையங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன.

மாற்று அனுப்புவதில் என்ன சிக்கல்?

பழசு ஓய்வு பெறுவதற்குள் புதுசு அதே டிகிரிக்குப் போய்ச் சேர்ந்தால், வீட்டில் யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. 2005-ல் ஏவப்பட்ட இன்சாட்-4ஏ-க்கு மாற்றாக, 2020 ஜனவரியில் ஏவப்பட்ட ஜிசாட்-30 அதே 83 டிகிரியில் வைக்கப்பட்டது. 93.5-ல் இன்சாட்-4பி செய்த வேலைக்கு 2015 நவம்பரில் ஜிசாட்-15 வந்தது. இன்று டிடி ஃப்ரீ டிஷ் வருவது இதன் வழியாகத்தான்.

ஆனால் எல்லா முறையும் இப்படி அமைவதில்லை. இன்சாட்-4பி பாதி முடங்கிய அதே 2010-ல், டிசம்பர் 25 அன்று 36 டிரான்ஸ்பாண்டர்களுடன் கிளம்பிய ஜிசாட்-5பி, ஜிஎஸ்எல்வி ராக்கெட்டோடு சேர்ந்து கிளம்பிய சற்று நேரத்தில் சிதறிப்போனது. இன்சாட்-3இ 2014-ன் முற்பாதியில் ஓய்வு பெற்றது. அந்த இடத்துக்கான ஜிசாட்-16 கிளம்பியது அந்த ஆண்டு டிசம்பரில்தான். ராக்கெட் தாமதமானால் காத்திருப்பது டிவி பார்ப்பவரும்தான்.

நல்ல செய்தியும் இருக்கிறது. கனமான தகவல்தொடர்பு செயற்கைக்கோள்களுக்கு நாம் பல ஆண்டுகள் ஏரியன்-5-ஐ நம்பியிருந்தோம். அது 2023 ஜூலையோடு ஓய்வு பெற்றுவிட்டது. 4,700 கிலோ எடை கொண்ட ஜிசாட்-என்2, 2024 நவம்பரில் அமெரிக்காவின் ஃபால்கன்-9 ராக்கெட்டில் போனது. ஆனால் 2025 நவம்பர் 2 அன்று 4,410 கிலோ எடையுள்ள சிஎம்எஸ்-03-ஐ, கடற்படையின் ஜிசாட்-7-க்கு மாற்றாக, ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்தே எல்விஎம்-3 ஏவியது. அதுவரை இந்திய மண்ணில் இருந்து கிளம்பியதில் அதுதான் மிகக் கனமான தகவல்தொடர்பு செயற்கைக்கோள். (குலசேகரன்பட்டினம் இதற்கு உதவுமா என்று கேட்கலாம். அது எஸ்எஸ்எல்வி போன்ற சிறு ராக்கெட்டுகளுக்கானது. இந்த வேலைக்கு இல்லை.)

சரி, இப்போது ஏன் இந்தப் பேச்சு?

ஜிசாட்-15-ன் திட்டமிட்ட ஆயுள் 12 ஆண்டுகள். 2027 நவம்பரில் அது முடிகிறது. அன்றைக்கே அணைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். இன்சாட்-4பி-யும் 12 ஆண்டுகளுக்கு என்று அனுப்பப்பட்டு, 14 ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. ஆனால் 12 ஆண்டு ஓடிய வண்டியில் நெடுந்தூரம் கிளம்புபவர் ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

இங்கேதான் ஒரு பெரிய வித்தியாசம் வருகிறது. செயற்கைக்கோள் திட்டங்கள் இப்போது 'யாருக்குத் தேவையோ அவருக்காக' என்ற அடிப்படைக்கு மாறியிருக்கின்றன. இஸ்ரோவின் வணிகப் பிரிவான நியூஸ்பேஸ் இந்தியா நிறுவனம் அப்படிச் செய்த முதல் திட்டம் ஜிசாட்-24. 2022 ஜூனில் ஏவப்பட்ட அதன் மொத்தத் திறனும் டாடா ப்ளேவுக்குக் குத்தகைக்குப் போனது. பணம் கட்டும் நிறுவனத்துக்குத் தன் தேவை தெரியும், வாடிக்கையாளர் பட்டியலும் கையில் இருக்கும். ஏதாவது மாறினால் ஒரு எஸ்எம்எஸ் போதும்.

ஃப்ரீ டிஷ்ஷில் அது முடியாது. பாக்ஸைக் கடையில் வாங்கி மாட்டிக்கொள்வதோடு சரி. மாதக் கட்டணம் இல்லை, பதிவும் இல்லை. யார் பார்க்கிறார்கள் என்ற பட்டியலே கிடையாது. தமிழ்நாட்டில் கேபிளும் கட்டண டிடிஎச்சும்தான் அதிகம் என்பது உண்மை. ஆனால் மாதம் 200 ரூபாய்கூட யோசித்துச் செலவு செய்கிற வீடுகளுக்கு மிச்சம் இருப்பது இதுதான். மத்திய அரசே 2023 ஜனவரியில் 2,539 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தபோது, தொலைதூர, பழங்குடியினர், எல்லைப் பகுதிகளுக்கு 8 லட்சத்துக்கு மேல் இலவச பாக்ஸ்கள் தருவதையும் அதில் சேர்த்தது. பாக்ஸ் கொடுத்தவர்களுக்கு, அந்த பாக்ஸ் எந்த திசையைப் பார்க்க வேண்டும் என்று கடைசிவரை சொல்கிற பொறுப்பும் இருக்கிறது.

இது சீரியல் பிரச்னை மட்டும் இல்லை. ஸ்வயம் பிரபா கல்விச் சேனல்கள் தொடங்கப்பட்டது ஜிசாட்-15 வழியாகத்தான். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியபோது, ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டில் வகுப்பறை டிவி-யாகத்தான் இருந்தது.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, மாற்று செயற்கைக்கோள் அதே 93.5 டிகிரியில் இருக்க வேண்டும். அது முடியாது என்றால், சில மாதங்களாவது பழைய இடத்தில் இருந்தும் புதிய இடத்தில் இருந்தும் ஒரே நேரத்தில் ஒளிபரப்ப வேண்டும். மெக்கானிக் மலை ஏற அவகாசம் கிடைக்கும்.

இரண்டாவது, பட்டியல் இல்லாத பார்வையாளருக்குத் தகவல் சொல்ல ஒரே வழி அந்த டிவி திரைதான். சிக்னல் இருக்கும்போதே தமிழில் ஓடும் எழுத்தாகச் சொல்ல வேண்டும்: எந்த நாள், எந்த டிகிரி, யாரைக் கூப்பிட வேண்டும். சிக்னல் போன பிறகு சொன்னால் அது யாருக்கும் கேட்காது.

மூன்றாவது, மாவட்ட நிர்வாகத்தின் வேலை. மலைக் கிராமங்களில் டிஷ் மட்டுமே உள்ள குடியிருப்புகளைக் கணக்கெடுத்து, உள்ளூர் இளைஞர்களுக்கு டிஷ் திருப்பக் கற்றுக்கொடுக்கலாம். ஒரு நாள் பயிற்சி போதும். ஒரு ஸ்பேனர், காம்பஸ், சிக்னல் மீட்டர், அவ்வளவுதான்.

இதெல்லாம் முடியாத காரியம் இல்லை. ஜிசாட்-15-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். விமானங்களுக்குத் துல்லியமாக வழிகாட்டும் 'ககன்' கருவி அதில் இருக்கிறது. ஜிசாட்-8, ஜிசாட்-10 இரண்டிலும் அதே கருவி இருக்க, இது மூன்றாவது. முந்தையவை மக்கர் செய்தால் கைகொடுக்க, வானத்திலேயே தயாராக நிற்கும் ஸ்டெப்னி.

விமானத்தில் போகிறவருக்காக நாம் முன்கூட்டியே யோசித்திருக்கிறோம். அதே செயற்கைக்கோளை, மலை மேலே ஓட்டு வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவருக்காகவும் யோசிக்க இன்னும் நேரம் இருக்கிறது.