விளையாட்டுக் கூடத்துக்கு வாசல் எத்தனை?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இப்போது குழந்தைகளுக்கான விளையாட்டுக் கூடங்களைப் பார்க்கிறோம். கடைக் கட்டிடம் ஒன்றின் மாடியைப் பிடித்து, ஃபோம் மெத்தையும் வலையும் சறுக்கு மரமும் அமைத்து, மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறார்கள். இதில் நமக்கு மனத்தாங்கல் ஒன்றுமில்லை. தொழிற்பேட்டையாலும் டாங்கித் தொழிற்சாலையாலும் வளர்ந்த ஊர்கள் இவை. பையன்கள் பந்தாடிய காலி மனைகள் அடுக்கு வீடுகளாகிவிட்டன. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நல்ல பூங்கா இருக்கிறது. ஆனால் சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் குழந்தையை அங்கே எப்படி விடுவது? தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு இந்தக் கூடங்கள் ஒரு வசதிதான்.

ஆனால் பெற்றோர் உள்ளே நுழைந்ததும் எதைக் கவனிக்கிறார்கள்? கட்டணத்தை, சுவரில் உள்ள பொம்மையை, உட்கார நாற்காலி உண்டா என்பதை. வந்த வழியைத் தவிர வேறு வழி இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பவர் அபூர்வம்.

2024 மே 25-ந் தேதி, சனிக்கிழமை. குஜராத்தில் ராஜ்கோட் நகரத்து விளையாட்டுக் கூடம் ஒன்றில் நல்ல கூட்டம். கோடை விடுமுறை, அத்துடன் அன்று நுழைவுச் சீட்டு 99 ரூபாய் என்று சலுகை வேறு. தகரமும் இரும்பும் கொண்டு எழுப்பிய கொட்டகை அது. ஒரு பக்கம் வெல்டிங் வேலை நடந்துகொண்டிருந்தது. உள்ளேயே பெட்ரோலும் டீசலும் வைத்திருந்தார்கள். பொறி பறந்தது, தீப்பிடித்தது, குழந்தைகள் உள்பட 27 பேர் மாண்டார்கள். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றிதழ் அந்தக் கூடத்துக்கு இல்லவே இல்லை என்பது பிறகுதான் வெளிவந்தது. குஜராத் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, இது மனிதர்களே வரவழைத்த விபரீதம் என்று கூறியது. அதன் பிறகு அம்மாநில அரசு இத்தகைய கூடங்களுக்கென்று தனி விதிகள் வகுத்தது. 27 உயிர்கள் போன பிறகு!

இது எங்கோ வடக்கே நடந்த சங்கதி என்று நாம் ஒதுக்க முடியாது. 2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தவர்கள் நாம். அன்று எமனாக வந்தது ஓலைக் கூரையும் குறுகலான படிக்கட்டும். பள்ளிக்கூடங்களில் ஓலையைப் பிரித்துப் போட்டோம். விளையாட்டுக் கூடத்தில் ஓலை இல்லைதான். ஆனால் தரையிலும் சுவரிலும் தூணிலும் ஃபோம் இருக்கிறது. சாதாரண ஃபோம் பற்றிக்கொண்டால் மளமளவென்று எரியும். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடும் சயனைடு வாயுவும் கலந்திருக்கும். தீ எளிதில் பற்றாத வகையும் கிடைக்கிறது, விலைதான் கூடுதல். பெரியவர் நுழைய முடியாத குழாய்க்குள்ளும் வலைக்குள்ளும் பத்துக் குழந்தைகள் இருக்கும்போது புகை சூழ்ந்தால், யார் எந்த வழியாகப் போய் அவர்களை வெளியே கொண்டுவருவது? சிப்பந்திகளுக்கு இது தெரியுமா? ஒரு தடவையாவது ஒத்திகை பார்த்திருக்கிறார்களா?

இவ்வகை மூடிய விளையாட்டு அமைப்புகளுக்கு ஐரோப்பாவில் ஈ.என். 1176-ன் 10-வது பகுதியும், அமெரிக்காவில் எஃப் 1918-ம் தரவிதிகளாக உள்ளன. நம் நாட்டில் ராட்டினம் போன்ற கேளிக்கைச் சாதனங்களுக்கு ஐ.எஸ். 15475 என்ற தரவிதி உண்டு. ஏட்டில் இருந்தால் மட்டும் போதுமா? பூந்தமல்லிக்கு அருகிலேயே ஒரு கேளிக்கைப் பூங்காவில் 2012-ல் ராட்டினத்தில் ஏறிய இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார்.

அடுத்தது சுத்தம். குழந்தைகள் ஆசையோடு விழுந்து புரளும் பந்துத் தொட்டி 1976-ல் அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் தோன்றிய வேடிக்கை. அந்த நாட்டிலேயே, ஜார்ஜியா மாநிலத்தில், குழந்தைகளின் உடற்பயிற்சி சிகிச்சைக்காக வைத்திருந்த ஆறு தொட்டிகளிலிருந்து பந்துகளை எடுத்துச் சோதித்தார்கள். 31 வகை பாக்டீரியாக்கள் இருந்ததாக 2019-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. சிகிச்சை நிலையத்திலேயே இந்தக் கதி என்றால் மற்ற இடங்களைச் சொல்லத் தேவையில்லை. வாயில் வைத்த பந்து, மூக்கைத் துடைத்த கை, சில சமயம் சிறுநீர் — எல்லாம் அடியில் போய்ச் சேருகின்றன. மேலே மருந்தைத் தெளித்துவிட்டால் சுத்தமாகிவிடாது. பந்துகளை வெளியே அள்ளி, கழுவி, உலர்த்தி, தொட்டியின் அடியையும் துடைக்க வேண்டும். இதற்கு ஆளும் நேரமும் வேண்டும். அந்த நேரத்தில் வசூல் இருக்காது. சங்கடம் அங்கேதான்.

வாசலில் கைக்கு ஒரு சொட்டு சானிடைசர் விடுவதோடு பலர் திருப்தி அடைகிறார்கள். வாந்தி பேதி தரும் நோரோ வைரசுக்கும், கேரளத்தில் 2022-ல் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று பெயர் வாங்கிய கை, கால், வாய்க் கொப்புள நோய்க்கும் அது போதிய காவல் அல்ல. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். குழந்தைக்கு எட்டும் உயரத்தில் குழாய் இருக்க வேண்டும். பெற்றோரிடமும் ஒரு வார்த்தை: பிறந்த நாள் விருந்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது என்பதற்காகக் காய்ச்சல்காரக் குழந்தையை அழைத்துப் போவது மற்ற வீட்டாருக்குச் செய்கிற கெடுதல்.

துள்ளு மெத்தையில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் குதிக்க வேண்டும் என்பது குழந்தை மருத்துவர்களின் எச்சரிக்கை. காயங்களில் சுமார் முக்கால் பங்கு, பலர் சேர்ந்து குதிக்கும்போது நேர்பவை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2012-ல் எடுத்துக் காட்டியது. பெரிய பையன் குதிக்க, சின்னக் குழந்தை தூக்கி எறியப்படும்; எலும்பு முறிவது அதற்குத்தான். கைப்பேசியில் மூழ்கிய சிப்பந்தி இதைத் தடுக்க முடியாது.

‘சொந்தப் பொறுப்பில் விளையாடவும்’ என்று சில இடங்களில் பலகை தொங்குகிறது. பணம் வாங்குவது அவர்கள். பொறுப்பு மட்டும் நமதாம்! 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவையில் குறைபாடு இருந்தால் நஷ்ட ஈடு கேட்கலாம். நியாயமற்ற ஒப்பந்தத்தைச் செல்லாது என்று அறிவிக்க மாநில ஆணையத்துக்கு அதிகாரமும் உண்டு. பலகையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது; ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆயிற்று. எல்லை எங்கே இருந்தாலும் குழந்தைக்கு விதி ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டாவது வாசல், ஒரே நேரத்தில் எத்தனை குழந்தைகள் என்ற வரம்பு, தீயணைப்புச் சான்று, மெத்தையின் தீத்தடுப்புச் சான்று, பந்து கழுவிய தேதி — இவ்வளவையும் கட்டணப் பலகைக்குப் பக்கத்தில் தமிழில் எழுதி மாட்டினால்தான் தொழில் உரிமம் என்று மாநகராட்சிகள் நிபந்தனை போடட்டும். சுகாதார அதிகாரியும் தீயணைப்பு அதிகாரியும் சேர்ந்து வந்தால் ஒரு கூடத்தைப் பார்த்து முடிக்க அரை நாள் போதும். அடுத்த கோடை விடுமுறைக் கூட்டம் சேருவதற்கு முன் இதைச் செய்யலாம்.