சிற்றூருக்குச் சலுகை வேண்டாம்

"சிறிய ஊர் ஆய்வு மாணவர்களைத் தரமான இதழ்கள் திருப்பியனுப்புகின்றன, பணம் கட்டி வெளியிட்டால் என்ன தவறு?" என்று கேட்கிறார் நண்பர். தவறுதான்.

2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு, தரக்குறைவு, பொய்யான தகவல் முதலிய காரணங்களைச் சொல்லி 4,305 இதழ்களைத் தன் அங்கீகரிக்கப்பட்ட இதழ்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. காசு கொடுத்து அப்படியோர் இதழில் எழுதியவருக்கு என்ன மிஞ்சியது? முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியையும் 2022-இல் எடுத்துவிட்டார்கள். பிறகேன் இந்த அவசரம்?

சிற்றூர் மாணவரிடம் எழுதப் பொருளும் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம் இருக்கிறது. ராஜபாளையத்து மாணவருக்கு அந்தச் சரணாலயத்தின் மலை கண்ணெதிரே. அணில் கூடுகளை எந்த மாதம், எப்படி எண்ணினீர்கள் என்று இதழின் மதிப்பீட்டாளர் குடைந்து கேட்பது அவமானமல்ல. அந்தக் கேள்விக்காகவே கட்டுரையை அனுப்ப வேண்டும். கோவையிலிருந்து 2009 முதல் வரும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களைப் பற்றிய 'ஜர்னல் ஆஃப் திரெட்டண்ட் டாக்ஸா' இதழுக்கு முதலில் அனுப்பச் சொல்லுங்கள்.