வீட்டோடு மாப்பிள்ளை என்று சிரித்தவர்களுக்கு

நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

போன மாதம் திருமங்கலத்தில் நம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் எனக்கு எதிரே ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், இப்போது நம் உறவிலேயே மாப்பிள்ளை. சென்னையில் தனியார் கம்பெனி வேலை. மனைவிக்குத் தலைப்பிரசவம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கம்பெனி கொடுத்த விடுப்பு ஐந்து நாள். சம்பளம் இல்லாமல் இன்னும் இருபத்தைந்து நாள் எழுதிக் கொடுத்துவிட்டு, மாமியார் வீட்டிலேயே தங்கிப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நம் பெரிய மனிதர் ஒருவர் பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி, "என்ன மாப்ள, இங்கனயே டேரா போட்டுட்டியாமே? பீத்துணி அலசுறதுக்கு எம்புட்டுச் சம்பளம் தர்றாக?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பையன் பாயசத்துக்குக் காத்திருக்காமல் எழுந்து போய்விட்டான்.

நான் அன்று வாயைத் திறக்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கேலி செய்தால் முட்டி போட வைத்தவன் நான். அங்கே இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

என் கதையைச் சொல்கிறேன். 1988-இல் என் மூத்த மகள் பிறந்தாள். வளைகாப்பு முடிந்ததும் மனைவியை அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அதன்பின் என் வேலை என்ன? சனிக்கிழமை பள்ளி விட்டதும் ஆப்பிள், ஹார்லிக்ஸ், மல்லிகைப் பூவோடு பஸ் ஏற வேண்டும். போனதும் நாற்காலி போடுவார்கள். மாமியார் கறிக்குழம்பு வைப்பார். பிள்ளை பிறந்த பிறகு ஒரு பத்து நிமிஷம் மடியில் வைப்பார்கள். அது முகத்தைச் சுளித்தால் உடனே யாராவது வாங்கிக்கொள்வார்கள். ஞாயிறு மாலை ஊர் திரும்பிவிடுவேன். இப்படி ஐந்து மாதம். என் சம்பளம் குறையவில்லை. என் தூக்கமும் குறையவில்லை.

இடையில் என் மனைவிக்குப் பால் கட்டிக்கொண்டு கடுமையான காய்ச்சல். எனக்குத் தெரிந்தது அடுத்த சனிக்கிழமை. "மாப்பிள்ளைக்கு எதுக்கு வீண் அலைச்சல்னு சொல்லலை" என்றார் மாமனார். அதை மரியாதை என்று நினைத்து நானும் தலையாட்டினேன். ஐந்தாம் மாதம் பிள்ளையோடு வீட்டுக்கு வந்தாள். நான் தூக்கியதும் மகள் வீறிட்டு அழுதாள். அவளுக்கு நான் யாரோ ஒரு ஆள். ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் ஒரு தாள், அதில் எனக்கு நல்ல மதிப்பெண். கழுத்தைத் தாங்கிப் பிடிக்கத் தெரியவில்லை.

"பிள்ளை வளர்ப்பு பொம்பளைக்கு இயற்கையாகவே வரும், ஆம்பளைக்கு வராது" என்று சொல்கிறீர்களே, அது இப்படித்தான் உருவாகிறது. முதல் ஐந்து மாதமும் அவள் இரவெல்லாம் விழித்துப் பழகுகிறாள். அவன் ஹார்லிக்ஸ் வாங்கிப் பழகுகிறான். பிறகு இருவரையும் ஒரே வீட்டில் விட்டால் யாருக்குத் தெரியும்? தாய்ப்பால் கொடுப்பது ஒன்றுதான் தகப்பனால் முடியாத வேலை. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, எத்தனை முறை சிறுநீர் போனது என்று கவனிப்பது, ஒன்றரை மாத ஊசிக்கு அட்டையைத் தூக்கிக்கொண்டு போவது, பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்தாயிற்றா என்று பார்ப்பது, இதற்கெல்லாம் எதற்குக் கருப்பை?

கங்காரு பராமரிப்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எடை குறைந்து பிறந்த குழந்தையை வெறும் மார்போடு அணைத்து வைத்துச் சூடு கொடுப்பது. 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதைத் தகப்பனும் செய்யலாம். அவன் மார்பிலும் சூடு இருக்கிறது.

அரசாங்கம் மட்டும் என்ன செய்கிறது? தமிழக அரசுப் பெண் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம். நல்லது, மனதார வரவேற்கிறேன். தனியார் நிறுவனங்களுக்கு 2017 சட்டத் திருத்தம் அதை 26 வாரம் ஆக்கியது, முதல் இரண்டு குழந்தைகளுக்கு. அதே சட்டத்தில் தகப்பனுக்கு ஒரு நாள்கூட இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. 2017-இல் ராஜீவ் சாதவ் என்ற எம்.பி. தந்தையர் விடுப்புக்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. சுவீடனில் 1974-லேயே தாய், தகப்பன் இருவருக்கும் பொதுவாக விடுப்பு வைத்துவிட்டார்கள். இன்று அங்கே 480 நாள், அதில் 90 நாள் தகப்பனுக்கென்றே ஒதுக்கியது. அவன் எடுக்காவிட்டால் அது வீணாகும், மனைவிக்கு மாற்றித் தர முடியாது.

நம் ஊர் நிலவரத்துக்கு ஒத்தக்கடைப் பக்கம் உள்ள உயர் நீதிமன்றக் கிளையையே பாருங்கள். 2023-இல் தென்காசி மாவட்டம் கடையம் காவல் ஆய்வாளர் ஒருவர் மனைவியின் பிரசவத்துக்காக மூன்று மாதம் விடுப்பு கேட்டார். முதலில் கொடுத்தார்கள், பிறகு சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டி ரத்து செய்தார்கள். அவர் நீதிமன்றம் போனபின் ஒரு மாதம் கிடைத்தது. அந்த மாதம் முடிகிற நேரத்தில்தான் பிரசவம். உரிய நாளில் வேலைக்குத் திரும்பவில்லை என்று, பணியைக் கைவிட்டு ஓடியவராக அவர்மீது உத்தரவு போட்டார்கள். நீதிபதி விக்டோரியா கௌரி அந்த உத்தரவை ரத்து செய்தார். தந்தையர் விடுப்புக்கு இந்த நாட்டில் சட்டம் வேண்டும் என்றும் தீர்ப்பில் எழுதினார். பெற்ற பிள்ளையைப் பார்க்க நின்றவனுக்கு நம் அலுவலகப் பாஷையில் 'ஓடியவன்' என்று பெயர்.

இதில் பெண் பிள்ளைகளுக்கும் நஷ்டம் இருக்கிறது. பிரசவம் என்றால் பெண் மட்டும்தான் ஆறு மாதம் போவாள் என்று தெரிந்தால், நேர்முகத் தேர்வில் முதலாளி யாரைத் தயங்கிப் பார்ப்பான்? என்னிடம் படித்த பெண்கள் இரண்டு மூன்று பேர், கல்யாணம் எப்போது என்று நேர்முகத்தில் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆணும் போவான் என்றிருந்தால் அந்தக் கேள்வி அவ்வளவு சுலபமாக வாயில் வராது.

சட்டம் வந்தாலும் செல்லூர்த் தறிக்காரனுக்கும் ஆட்டோ ஓட்டுகிறவனுக்கும் அது எட்டாது என்பீர்கள். உண்மைதான். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். ஒற்றை அறை வீட்டில் இருக்கிற அந்த மனிதன் ராத்திரி பிள்ளையை மார்பில் போட்டுத் தூங்க வைப்பான். அவனுக்கு ஒதுங்கிப் படுக்க வேறு அறை கிடையாது. நாற்காலி மரியாதையெல்லாம் மாதச் சம்பளக்காரர்களான நம்மிடம்தான்.

தாய்வீட்டுப் பிரசவமே கூடாது என்று சொல்ல வரவில்லை. பெற்ற தாயிடம் கிடைக்கிற ஓய்வு வேறெங்கும் கிடைக்காது. ஆனால் செலவும் அவர்கள் தலையில், விழிப்பும் அவர்கள் தலையில், பிறகு பிள்ளைக்குக் கொலுசு, அரைஞாண் என்று சீரும் அவர்களே செய்ய வேண்டும். இது என்ன நியாயம்?

இதை எழுதுவதற்கு முன் என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "நீங்க அங்க வந்து தங்கியிருந்தா எங்கம்மாவுக்கு ரெட்டை வேலையில்ல ஆயிருக்கும்? உங்களுக்கு ஒரு குழம்பு, எனக்கு ஒரு பத்தியமா?" என்றாள். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் சொல்வது சரி. விருந்தாளியாகத் தங்குவதாக இருந்தால் போகவே வேண்டாம். போகிற மாப்பிள்ளை பத்தியச் சோற்றையே தின்னட்டும், தட்டைத் தானே கழுவட்டும், ராத்திரி இரண்டு மணி முறையை ஏற்றுக்கொள்ளட்டும். மாமியார்களே, நீங்களும் அந்த நாற்காலியை எடுத்து உள்ளே வையுங்கள்.

பந்தியில் பேசிய அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை. நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். சம்பளம் எவ்வளவு என்று கேட்டீர்கள். அந்தப் பையன் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை இழந்துவிட்டு வந்திருந்தான். நீங்களும் நானும் நம் பிள்ளைகளுக்காக எதை இழந்தோம்? அடுத்த விசேஷத்தில் அவனிடம் ஒரு வார்த்தை நல்லதாகப் பேசுங்கள்.

நேற்று அவனுக்குப் போன் செய்தேன். அன்று பேசாமல் இருந்ததற்கு வருத்தம் தெரிவிக்கலாம் என்று. "விடுங்க சார், அதெல்லாம் அன்னைக்கே மறந்துட்டேன்" என்றான். தொப்புள்கொடி விழுந்த அன்று பயந்து போய் டாக்டருக்குப் போன் செய்ததையும், முதல் வாரம் எடை குறைந்ததும் அழுகை வந்ததையும், அது வழக்கம்தான் என்று நர்ஸ் சொன்ன பிறகே சாப்பிட்டதையும் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தான். நான் வருத்தத்தை ஆரம்பிக்கும் முன் பின்னால் அழுகைச் சத்தம். "சார், முழிச்சுட்டா. அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டான்.

இன்னும் கூப்பிடவில்லை.