குமாஸ்தா மேஜைக்கு 'பாஸ்' வரட்டும்

பெங்களூரில் சிக்பேட்டையிலும் பீனியாவிலும் சிறு நிறுவனங்களில் கணக்கெழுதிப் பிழைக்கும் தமிழ்க் குமாஸ்தாக்களுக்குப் புதிய தலைவலி ஒன்று வந்திருக்கிறது. மேஜைமீதுள்ள கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அதிலுள்ள விண்டோஸ் 10க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாமென்றால், 2017க்கு முன் வந்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றை அது ஏற்பதில்லை. புதியது வாங்க முதலாளிக்கு மனமில்லை. "யாரையாவது கூப்பிட்டு எதையாவது போடச் சொல்லப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

அந்த 'எதையாவது' பெரும்பாலும் திருட்டுப் பிரதியாகவே இருக்கும். இதில் குமாஸ்தா யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே அதைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தும் எவரையும் குற்றவாளி என்கிறது. முதலாளி, சம்பளக்காரர் என்று அது பிரித்துப் பேசவில்லை. சோதனைக்கு ஆள் வரும் நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் யார்?

இந்த வம்பு எதுவும் இல்லாத வழி ஒன்று, அதிகம் பேருக்குத் தெரியாமலே கிடக்கிறது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட 'பாஸ்' என்ற ஆபரேட்டிங் சிஸ்டமே அது. 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம். (பெயரைக் கேட்டால் முதலாளிக்கே பிடித்துப்போகும்!) 1993இல் தொடங்கிய டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பே இதன் அடித்தளம். விலை கிடையாது. எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், சட்டம் தடுக்காது.

சொந்த ஊரில் தம்பியோ தங்கையோ தமிழக அரசின் இலவச மடிக்கணினி பெற்றிருந்தால், அதில் விண்டோஸோடு இதுவும் இருந்திருக்கலாம். பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பதுதான் பரிதாபம். கேரளத்தில் அப்படியில்லை. அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகச் சுதந்திர மென்பொருளிலேயே பாடம் நடக்கிறது. அங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளை பழகிய ஒன்று, இருபது வருட சர்வீஸ் உள்ள குமாஸ்தாவுக்கு எட்டாமல் போகுமா?

தமிழர் பிழைப்புத் தேடி பம்பாய்க்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறிய காலத்தில், பெட்டியில் இருந்தது டைப்ரைட்டிங் ஹையர் சான்றிதழ். ஊரில் ரெமிங்டனில் பழகியவர் அலுவலகத்தில் கோத்ரெஜையும் ஹால்டாவையும் அடித்தார். விசைகளின் வரிசை ஒன்றே. இயந்திரம் எந்தக் கம்பெனியுடையதானால் என்ன? தொழில் விரலில் இருந்தது. இன்றைய குமாஸ்தாவோ ஒரே கம்பெனியின் திரையை மட்டும் பழகிக்கொண்டு, அந்தக் கம்பெனி பொத்தானை இடம் மாற்றினால் தடுமாறுகிறார்; ஆதரவை நிறுத்தினால் வேலைக்கே ஆபத்தோ என்று அஞ்சுகிறார். இன்னொன்றையும் கற்றுவைத்திருப்பவருக்கு அந்த அச்சம் பாதியாகக் குறையும்.

கடிதமும் கணக்குத் தாளும் லிப்ரே ஆபீஸில் எழுதலாம். எக்செல் கோப்பையும் அது திறக்கும். ஜி.எஸ்.டி. தளமும் வங்கித் தளமும் பிரவுசரில் திறப்பவை. தமிழ், கன்னடம், இந்தி மூன்றையும் யூனிகோடில் அடிக்கலாம். மாநகராட்சிக்குக் கன்னடத்திலும் ஊருக்குத் தமிழிலும் எழுத வேண்டிய இந்த ஊர்க் குமாஸ்தாவுக்கு இது சின்ன உதவியல்ல. பழைய எழுத்துருவில் அடித்த கடிதம் அடுத்த மேஜையில் பூச்சி பூச்சியாகத் தெரியும் வேதனையை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

குறைகளை மறைத்துப் பயனில்லை. டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. அதை நம்பியிருக்கும் இடத்தில் அந்த ஒரு கம்ப்யூட்டரை மட்டும் முறையான உரிமத்தோடு விண்டோஸிலேயே வைப்பதுதான் புத்திசாலித்தனம். டிஜிட்டல் கையொப்ப டோக்கன்கள் சில சண்டித்தனம் செய்யும். எக்செலில் மேக்ரோ எழுதி வைத்திருந்தால் அது அப்படியே ஓடும் என்று சொல்ல முடியாது. பழைய பிரிண்டர் சில மசியாது. இவற்றைச் சொல்லாமல் 'எல்லாம் சுலபம்' என்று மாற்றிவிட்டு, மறுவாரம் பில் அடிக்க முடியாமல் போனால், பழி பேச்சை எடுத்தவர் தலையில்தான் விழும்.

ஆகவே முதலாளியிடம் போகுமுன் ஒரு வேலை இருக்கிறது. மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கலாம். அதிலுள்ள கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, பாஸின் புதிய பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றிப் போட்டுப் பார்க்கலாம். பாஸ் ஒத்துவராவிட்டால் டெபியனையே போடலாம், செலவு ஏதுமில்லை. ஒரு மாதக் கடிதங்களும் வருகைப் பதிவும் அதிலேயே நடக்கட்டும். பிறகு அந்தக் கம்ப்யூட்டரையே காட்டி, புதிதாக வாங்கினால் ஆகும் தொகையைத் தாளில் எழுதி நீட்டினால், கணக்குத் தெரிந்த எந்த முதலாளியும் காதுகொடுப்பார். வருடக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் மட்டும் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.